பரிகார விசில்

டேட்டன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஆல்வின் பெட்டிஃபோர்டின் சலூனுக்குச் சனிக்கிழமை காலையில் போய், யாரோடும் வாய்ச்சண்டை போடாமல் முடிவெட்டிக்கொண்டு வந்தேன் என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே முடிவெட்டுக்குத்தான் காசு, சண்டை இலவசம். அதிலும் வெர்னன் டக்கெட் உள்ளே நுழைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெர்னன் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் நடுவர். வாரமெல்லாம் ஊர் ஊராகப் பறந்து விசில் ஊதிவிட்டு, வீட்டில் இருக்க வாய்க்கிற சனிக்கிழமைகளில் அந்தச் சிவப்பு நாற்காலியில் வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பமாகும்.

"வாடா குருட்டுப் பயலே," என்பான் ஆல்வின். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சு. "வியாழக்கிழமை என்னத்தடா ஊதின? உங்கம்மா குறுக்க வந்திருந்தா அவங்களுக்கும் ஃபவுல் குடுத்திருப்ப போல."

"அம்மா கால் எங்க இருந்துதுன்னு பாத்துட்டுத்தான் குடுப்பேன்," என்பார் வெர்னன்.

அவ்வளவுதான். காத்திருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். துடைப்பக்கட்டை தடுப்பாட்டக்காரன் ஆகும். ஷாம்பு புட்டி பந்தாகும். பாதி மழித்த தலையோடு ஒருவர் குறுக்கே ஓடி விழுந்து காட்டுவார். வெர்னனும் விடமாட்டார். கழுத்தில் சுற்றிய துணியோடு எழுந்து வந்து, கால் இங்கே, தோள் அங்கே என்று தரையில் காட்டி வாதாடுவார். கடைசியில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைத்ததாகச் சரித்திரம் இல்லை. வெளியே வரும்போது தொண்டை கட்டியிருக்கும், மனசு லேசாக இருக்கும்.

டெர்ரி கோஸ்க்ரோவ் பிடிபட்டதோடு அதெல்லாம் நின்று போயிற்று.

கோஸ்க்ரோவும் நடுவர்தான். வெர்னனோடு எத்தனையோ ஆட்டங்களில் ஒரே தளத்தில் ஓடியவன், ஒரே விமானத்தில் தூங்கியவன், வெர்னனின் மனைவி ஒடெஸ்ஸா சுட்ட பீச் பழப் பணியாரத்தில் மூன்றாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றவன். சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு அவன் விசில் ஊதினான் என்று போலீஸ் சொன்னது. அவனும் நீதிமன்றத்தில் ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். வேலியே பயிரை மேய்ந்த கதை. மேய்ந்தது ஒரு வேலிதான் என்றாலும், அதற்குப் பிறகு எந்த வேலியைப் பார்த்தாலும் ஜனங்களுக்கு மாட்டின் பல்தான் தெரிந்தது.

அந்தச் செய்தி வந்த வாரம் வெர்னன் சலூனுக்குப் போனார். திட்டு பலமாக இருக்கும் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்துகொண்டுதான் போனார். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆல்வின், "வா வெர்னன். உக்காரு," என்றான். வெர்னன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான்! டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

டெல்பர்ட் என்று ஒருவன், பஸ் ஓட்டுகிறவன், சலூனிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். அவன் மெல்ல நாற்காலிப் பக்கம் குனிந்து கண்ணடித்தான். "அண்ணே, இன்னிக்கு ராத்திரி யாரு மேல போடலாம்? காதோட சொல்லுங்க. வெளிய விடமாட்டேன்."

வெர்னன் அவனைக் கண்ணாடியில் பார்த்தார். கிண்டல் செய்கிறான் என்றால் சிரித்திருக்கலாம். அவன் நிஜமாகவே கேட்டான்.

இருபது வருஷமாக வாங்கிய வசவெல்லாம் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. திட்டுகிறவன் நம்புகிறவன். இவன் நேர்மையாகப் பார்க்கிறான், ஆனால் கண் தெரியவில்லை என்று நினைப்பவன்தான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்துவான். விலைக்கு வாங்கப்பட்டவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? அவனிடம் விலைதான் கேட்பார்கள்.

"நான் உன்னை நம்புறேன், அது போதாதா?" என்றாள் ஒடெஸ்ஸா, அன்று இரவு வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே.

"நீ என் பொண்டாட்டி. உன் ஓட்டு செல்லாது."

"அப்போ அந்த ஆல்வின் ஓட்டுக்காகவா சாப்பிடாம உக்காந்திருக்க? நாளைக்கே போய் அவனையே கட்டிக்க." தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆல்வின் மறுபடியும் ஒரு தடவை குருட்டுப் பயலே என்று கூப்பிட வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு இப்படியும் ஒரு ஆசை.

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. லீக் ஒரு விசாரணை வைத்திருந்தது. கோஸ்க்ரோவோடு ஓடிய எல்லா நடுவர்களின் பழைய ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தார்கள். தான் சுத்தம் என்று அவர்கள் அறிவித்துவிட்டால் சலூனும் நம்பிவிடும் என்று வெர்னன் நினைத்தார்.

பனிக்காலத்தின் நடுவில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் இலியானா கரேரா என்ற வழக்கறிஞர். குட்டையான பெண்மணி, முன்னாளில் அரசு தரப்பில் வாதாடியவர். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"மிஸ்டர் டக்கெட், உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க பணம் வாங்கல. கோஸ்க்ரோவ் பண்ணினது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்படியேதான் அறிக்கையில சொல்லப்போறோம்."

வெர்னனுக்கு உடம்பே லேசானது. நன்றி சொல்லி எழுந்தார்.

"உக்காருங்க. இன்னொண்ணு இருக்கு. இது அறிக்கையில வராது. ஆனா நீங்க பாக்கணும்." அவர் சுவர்த் திரையில் ஒரு காட்சியை ஓட விட்டார். "இது யாரு விசில்?"

"என்னுது. தப்பான விசில்."

"தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஊதின உடனே தெரிஞ்சுடும் மேடம். வயித்துல ஒரு கல்லு விழும்."

"சரி, இது?" அதே ஆட்டம், சற்று நேரம் கழித்து. இந்த முறை எதிர் அணிக்குச் சாதகமாக ஒரு விசில். கை பட்டதா படவில்லையா என்று சொல்ல முடியாத உரசல். கரேரா வேறொரு ஆட்டத்தைப் போட்டார். அதிலும் ஒரு தப்பு, பின்னாலேயே எதிர் அணிக்குச் சமாதானமாக ஒரு விசில். பிறகு இன்னொரு ஆட்டம். சமாதானம் எதுவும் பெரிய பொய் இல்லை. எல்லாம் வேறு நாளாக இருந்தால் ஊதியிருக்க மாட்டார் என்கிற ரகம்.

"கோஸ்க்ரோவ் தன்னோட விசிலை மட்டும் விக்கல," என்றார் கரேரா. "கூட ஓடினவங்க குணத்தையும் வித்திருக்காரு. யாருக்கு எந்தக் கோச்சைப் பிடிக்காது, யாரு கூட்டம் கத்தினா பயப்படுவாங்க, எல்லாம். உங்களப் பத்தி அவர் சொன்னது இதான்: 'டக்கெட் யோக்கியன். தப்பா ஊதிட்டா அவனுக்கு மனசு கேக்காது. கொஞ்ச நேரத்துல அடுத்த பக்கத்துக்கு ஒண்ணு குடுத்து சரி பண்ணிடுவான்.' இப்பதான் ஆட்டம் ஓடும்போதே போன்ல பெட் கட்டலாமே. அந்தப் பசங்க டிவி முன்னாடி உக்காந்து, நீங்க எப்ப தப்பு பண்ணுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. பண்ணினதும் அதுல அடிபட்ட டீம் மேல கட்டுவாங்க. அதுக்குப் பேரு வேற வெச்சிருந்தாங்க. டக்கெட் பரிகாரம்."

அந்தத் தொழிலில் அதைச் செய்யாதவர் கிடையாது. எந்த விதியிலும் அது இல்லை, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை, நடுவர்கள் தங்களுக்குள்ளேகூட வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் எல்லோரும் செய்வார்கள். ஒருவனிடமிருந்து தெரியாமல் எடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிற எண்ணம்தான். வெர்னன் அதைத் தன்னுடைய நியாய உணர்ச்சி என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தார். அதனால்தான் இரவில் தூக்கம் வருகிறது என்றும் எண்ணியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே விசிலும் வாயில்தான் இருந்தது. தம்பிடி வாங்காத மனிதனின் மனசாட்சியை வைத்து நாலு பேர் பிழைத்திருக்கிறார்கள்.

அறிக்கை வந்தது. டக்கெட் குற்றமற்றவர் என்று எல்லாச் சேனலிலும் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் சலூனுக்குப் போனபோது ஆல்வின், "கேள்விப்பட்டேன். நல்லது," என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, கண்ணைப் பார்த்தும் சொல்லவில்லை.

டெல்பர்ட்தான் மற்றவர்கள் மனதில் இருந்ததைச் சொன்னான். "அவங்க வீட்டு நாயை அவங்களே விசாரிச்சாங்களாம். நாய் கடிக்கலையாம்."

யாரும் சிரிக்கவில்லை. வெர்னனுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பாதி சரி என்று தெரிந்திருந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. வாயைத் திறக்காமல் முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வசந்தம் வந்தது, முக்கியமான சுற்று ஆட்டங்கள் ஆரம்பமாயின. சின்சினாட்டி பைலட்ஸுக்கும் பிட்ஸ்பர்க் ஃபோர்ஜுக்கும் நடந்த தொடரின் கடைசி ஆட்டம், தோற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம், வெர்னனுக்கு வந்தது. மூன்று நடுவர்களில் அவர்தான் தலைமை. சின்சினாட்டி டேட்டனுக்குப் பக்கத்து ஊர். சலூன் மொத்தமும் பைலட்ஸின் சொத்து. ஆல்வினின் கண்ணாடி ஓரத்தில் அவன் பேரக்குழந்தை படம்கூட ஒன்றுதான் இருக்கும், பைலட்ஸின் நட்சத்திர ஆட்டக்காரன் குவின்சி மேபெரி படம் மூன்று இருக்கும்.

சின்சினாட்டி அரங்கத்தில் வெர்னன் தளத்தில் இறங்கியபோதே மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டக்கெட், இன்னிக்கு என்ன ரேட்டு?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. கடைசி நிமிஷத்தில் பைலட்ஸ் ஒரு புள்ளி முன்னால். மேபெரி பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தான். பிட்ஸ்பர்க்காரன் ஒருவன் குறுக்கே வந்தான், மோதல், இருவரும் விழுந்தார்கள், பந்து கூடைக்குள் இறங்கியது. வெர்னன் விசில் ஊதி, கையைத் தலைக்குப் பின்னால் வைத்தார். தப்பு மேபெரியுடையது, குறுக்கே வந்தவன் காலூன்றி நின்றிருந்தான் என்று அர்த்தம். கூடை செல்லாது, பந்தும் பிட்ஸ்பர்க்குக்கு.

வயிற்றில் கல் விழுந்தது.

குறுக்கே வந்தவன் நின்றிருக்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தான். அரங்கத்தின் பெரிய திரை அதை மெதுவாக ஓட்டிக் காட்டியது. இருபதாயிரம் பேர் பார்த்தார்கள், வெர்னனும் பார்த்தார். பைலட்ஸின் கோச் தனக்கு இருந்த ஒரே மறுபார்வை முறையீட்டை முன்பே செலவழித்துவிட்டார். அந்த மாதிரி விசிலை நடுவர்களாகவே திரும்பப் பார்க்க விதி இல்லை. ஊதியது ஊதியதுதான்.

பிட்ஸ்பர்க் பந்தைக் கொண்டுபோய் இரண்டு புள்ளி போட்டது. இப்போது அவர்கள் ஒன்று முன்னால். கடைசி சில விநாடிகள். மேபெரி மறுபடியும் வந்தான். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. மேபெரி இடப்பக்கம் திரும்பி எம்பினான். தடுக்க எம்பியவனின் விரல்கள் அவன் முழங்கையைத் தொட்டன. தொட்டன, அவ்வளவுதான். எறிதல் அதனால் கெடவில்லை.

விசில் வெர்னனின் பல்லிடுக்கில் இருந்தது. நெஞ்சில் காற்று நிறைந்திருந்தது. ஊதலாம். யாரும் கேட்க மாட்டார்கள், திரையில் போட்டுக் காட்டினாலும் கை பட்டது தெரியத்தான் செய்யும். மேபெரிக்கு இரண்டு இலவச எறிதல், பைலட்ஸ் ஜெயிக்கும், எடுத்தது திரும்பக் கொடுத்ததாகும். டேட்டனில் ஆல்வின் துள்ளிக் குதிப்பான். தூக்கமும் வரும். எங்கேயோ ஒரு அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது அந்த விசிலுக்காகக் காத்திருக்கிறானா என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது ஃபவுல் இல்லை.

காற்றை மூக்கால் விட்டார். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. மணி அடித்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லி என்ன? மேலிருந்து ஐஸ்கட்டி பறந்து வந்தது, குடித்துப்போட்ட காகிதக் கோப்பைகள் பறந்து வந்தன. "எவ்வளவுடா வாங்கின?" என்று இருபதாயிரம் பேரும் ஒரே குரலில் கேட்பதுபோல் இருந்தது. காவலர்கள் மூன்று நடுவர்களையும் சுரங்க வழியில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பனை மரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று சொல்வதுண்டு. அன்றைக்கு அவர் குடித்தது பாலும் இல்லை, கள்ளும் இல்லை. வெறும் தப்பு. அதை யாரும் நம்பத் தயாராக இல்லை.

சர்ச்சை வந்தால் எல்லாப் பத்திரிகைக்காரர்கள் சார்பிலும் ஒரே ஒரு நிருபர் நடுவர்களின் அறைக்கு வந்து சில கேள்விகள் கேட்பது வழக்கம். பதிலும் வழக்கமானதுதான். ஆட்டத்தின் வேகத்தில் களத்தில் அவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பார்கள். லீக் அனுப்பிய கண்காணிப்பாளர் அதை ஞாபகப்படுத்தினார். "வெர்னன், ரெண்டு வரி. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு, நல்லா யோசிச்சுக்க."

வந்தது ஒரு பெண் நிருபர். சின்சினாட்டிப் பத்திரிகை. கோபத்தை மறைக்கவும் இல்லை. "மேபெரி மேல குடுத்த அந்த ஃபவுல். இப்ப அதைப் பத்தி என்ன சொல்றீங்க?"

"தப்பு," என்றார் வெர்னன். "குறுக்க வந்தவன் நகந்துக்கிட்டு இருந்தான். நான் நின்னுட்டான்னு நினைச்சேன். களத்துல எதுவும் தானாத் தீர்மானம் ஆகல. நான்தான் ஊதினேன்."

கண்காணிப்பாளர் இருமினார். நிருபர் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உடனே."

"அப்படின்னா கடைசி ஷாட்ல கை பட்டுதே, அதை ஏன் ஊதல? எல்லாரும் அதை எதிர்பார்த்தாங்க."

"எதிர்பார்த்தாங்கன்னு எனக்கும் தெரியும். முன்னாடியெல்லாம் ஊதியிருப்பேன். பல தடவை ஊதியிருக்கேன். ஒரு தப்பை மூட இன்னொரு தப்பு. அது நியாயம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது ஃபவுல் இல்லைம்மா. அதான் ஊதல. பைலட்ஸ் இன்னிக்கு என்னாலதான் தோத்தாங்க, அதை நான் சரி பண்ண முடியாது. அப்படியே போட்டுக்குங்க."

அவள் அப்படியே போட்டாள். மறுநாள் நாடு முழுக்க அதுதான் பேச்சு. நடுவர்களே இப்படி ஈடுகட்டுகிறார்களா என்று ஒரு கட்சி, எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே சொன்னான் என்று ஒரு கட்சி. லீக்கிலிருந்து போன் வந்தது. இந்த ஆண்டு மிச்சம் இருக்கிற ஆட்டங்களுக்கு வர வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். வெர்னன் சரி என்று போனை வைத்தார். உடன் ஓடிய நடுவர்களில் ஒருவர்கூட அழைக்கவில்லை. வாய்விட்டுப் பேசாததைப் பேசிவிட்டாரே.

சனிக்கிழமை வந்தது.

"இன்னிக்குப் போகாட்டி என்ன?" என்றாள் ஒடெஸ்ஸா. "நானே கத்தரிச்சு விடறேன்."

"நீ போன தடவை கத்தரிச்சதுக்கு நான் ஒரு மாசம் தொப்பி போட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த மரியாதையான மௌனத்தை இன்னொரு முறை தாங்க முடியாது என்று தோன்றியது. கண்ணடித்தான் என்றால் டெல்பர்ட்டை அடித்தேவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தார். பேச்சு நின்றது. ஆல்வின் ஒருவரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினான். கையில் சவரக்கத்தி.

"வாடா," என்றான். "வாடா குருட்டுப் பயலே! உனக்குக் கண்ணா இருக்கு, ரெண்டு பித்தளைப் பொத்தானா? அவன் நகர்றது என் பேத்திக்குத் தெரிஞ்சுதுடா! அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கல!"

சலூன் வெடித்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எவனோ துடைப்பக்கட்டையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினான். "இது நின்னுச்சா? இது நின்னுச்சா சொல்லு!" பாதித் தலைக்காரர் மேபெரியாகி ஓடிவந்து துடைப்பத்தின் மேல் விழுந்தார். வெர்னன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் போய், "நான்தான் தப்புன்னு சொல்லிட்டேனே," என்றார்.

"சொன்னா ஆச்சா? அந்தக் கடைசி ஷாட்டு! அதையாவது குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"அது ஃபவுல் இல்ல."

"ஃபவுல்தான்!"

"விரல் பட்டுது. எறிதல் கெடல. நூறு தடவை கேட்டாலும் ஃபவுல் இல்ல!"

டெல்பர்ட் மட்டும் எழவில்லை. மூலையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தான். "நம்பாதீங்கடா," என்றான். "எல்லாம் நாடகம். தப்புன்னு சொல்லிட்டா உத்தமனா? அண்ணன் நல்லா வாங்கியிருப்பாரு."

ஆல்வின் அவன் பக்கம் கத்தியை நீட்டினான். மூக்கு விடைத்திருந்தது.

"வாயை மூடுடா. வாங்கினவன் எவனாவது பத்திரிகைக்காரிகிட்ட 'நான்தான் கெடுத்தேன்'னு சொல்லி, இருந்த வேலையையும் போக்கிக்குவானா? இவனோட ஒரே பெஞ்சுல உக்காந்தவன் நான், எனக்குத் தெரியும். இவன் வாங்கவே இல்ல. இவனுக்கு நெசமாவே கண்ணு தெரியல!"

வெர்னன் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆல்வின் அவர் கழுத்தில் துணியைச் சுற்றி, தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டினான்.